முதலில் சம்ப் மூடி, அப்புறம்தான் மாடுலர் கிச்சன்

பெங்களூரில் வீடு வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஹாலில் நின்று ஃபால்ஸ் சீலிங்கை அண்ணாந்து பார்ப்பதில்லை. கேட்டைத் தாண்டியதும் தரையைத்தான் பார்க்கிறார்கள். சம்ப் எங்கே இருக்கிறது, எத்தனை லிட்டர் பிடிக்கும், மூடியைக் கொஞ்சம் திறந்து காட்டுகிறீர்களா, காவேரி வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது, போர் எத்தனை அடி, டேங்கர் தெருவுக்குள் நுழையுமா? இத்தனையும் கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார்கள். 2024 பிப்ரவரி, மார்ச்சில் ஊரே குடத்தோடு அலைந்தபோது பிடித்துக்கொண்ட பழக்கம் இது. டேங்கர்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். கடைசியில் மாவட்ட நிர்வாகமே தலையிட்டு, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று விலை வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோடையை இங்கே யாரும் மறக்கவில்லை.

நான் வீடு ரிப்பேர் வேலை எடுத்துச் செய்கிறவன். அப்பா செங்கம் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்து அல்சூரில் தங்கிவிட்டவர். கரண்டியும் ரசமட்டமும் அவரிடமிருந்து வந்தவை, எஸ்டிமேட் போடுவது நானாகக் கற்றது. புது வீடு கட்டுகிற வேலை எனக்கு அதிகம் வருவதில்லை. விற்கப் போகிற வீட்டைச் சீர்செய்து தாருங்கள் என்றுதான் பாதிப் பேர் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணா, ஒரு மூணு லட்சம் போட்டா பத்து லட்சம் ஏத்திக் கேக்கலாமா?”

தாராளமாகக் கேட்கலாம். கிடைக்குமா என்பது அந்த மூன்று லட்சத்தை எங்கே போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. வாங்க வருகிறவர் எதைக் கண்டு பயப்படுகிறாரோ அங்கே போட்ட பணம் விலையில் ஏறும். உங்களுக்கு ஆசையாக இருக்கிறதே என்று போட்ட பணம் உங்கள் ஆசையோடு சரி. பெங்களூரில் வாங்குகிறவர்களுக்குப் பெரிய பயம் மூன்று: தண்ணீர் வராமல் போய்விடுமோ, வேண்டாத தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடுமோ, பேப்பர் சரியாக இருக்காதோ. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

அதற்கு முன்னால் ஒரு கசப்பான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்திரா நகரிலோ ஜெயநகரிலோ 30க்கு 40 மனையில் நாற்பது, ஐம்பது வருடத்துப் பழைய வீடு வைத்திருக்கிறீர்களா? பைசா செலவு செய்யாதீர்கள். வாங்க வருகிறவர் மனைக்குத்தான் விலை பேசுகிறார். பத்திரம் முடிந்த கையோடு ஜேசிபி வந்து நிற்கும். புது டைல்ஸ் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து லாரியில் போகும். அந்த மாதிரி வீட்டில் செய்ய வேண்டியது, பத்திரத்தில் இருக்கிற அளவும் தரையில் இருக்கிற அளவும் ஒத்துப்போகிறதா என்று சர்வேயரை வைத்து அளந்து பார்ப்பது மட்டும்தான். நான் சொல்லப் போகிற மற்ற விஷயங்கள் எல்லாம் பத்திலிருந்து இருபது, இருபத்தைந்து வருடம் ஆன அடுக்குமாடி ஃபிளாட்டுக்கும், வாங்குகிறவர் குடியிருக்கப் போகிற தனி வீட்டுக்கும். பானசவாடி, ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, பன்னர்கட்டா ரோடு, மாரத்தஹள்ளிப் பக்கம் இப்போது கைமாறுகிறவை பெரும்பாலும் அந்த வயது வீடுகள்.

எந்த வேலைக்கு எவ்வளவு திரும்பும் என்று அமெரிக்காவில் ஒரு கட்டுமானப் பத்திரிகை வருடா வருடம் பட்டியல் போடுகிறது. 2024 பட்டியலில் முதலிடம் கார் ஷெட்டின் கதவை மாற்றுவதற்கு. போட்ட செலவு கிட்டத்தட்ட இரு மடங்காகத் திரும்புகிறதாம். லட்சக்கணக்கான டாலரை விழுங்கும் ஆடம்பர சமையலறை வேலைக்கோ பாதிகூடத் தேறவில்லை. அந்த ஊர்க் கதவு நமக்குப் பயன்படாது, ஆனால் பாடம் பயன்படும். சிங்கப்பூர் அரசு 2007 முதல் பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளைச் சீர்செய்து தருகிறது. அங்கே இருக்கிற நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பெயர்ந்து விழும் கான்கிரீட், பழைய கழிவுநீர்க் குழாய், மின்சார லோடு இவற்றை ‘அவசியம்’ என்று வைத்து, குடிமக்களுக்கு அரசே முழுச் செலவையும் ஏற்கிறது. குளியலறைப் புதுப்பிப்பு, வாசல் கதவு இவை ‘விருப்பம்’. அதற்கு வீட்டுக்காரர் தன் பங்காக ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். அவசியம் எது, விருப்பம் எது என்று ஒரு அரசாங்கமே பிரித்துவைத்திருக்கிறது. நாம் பிரிக்காமல் நேராக டைல்ஸ் கடைக்குப் போகிறோம்.

சரி, சம்ப்புக்கு வருவோம். விற்பதற்கு முன் சம்ப்பை முழுக்க இறைத்துவிட்டு ஆளை இறக்குங்கள். அடியில் சேர்ந்திருக்கிற சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, விரிசல் இருந்தால் வெட்டி அடைத்து, தண்ணீர்த் தொட்டிக்கென்றே விற்கிற வாட்டர்ப்ரூஃப் பூச்சைப் பூசவேண்டும். பூச்சு காய்ந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் அடித் தரை தெரிய வேண்டும். துருப்பிடித்த இரும்பு மூடியை மாற்றுங்கள். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிற சென்சார் சில ஆயிரத்தில் முடிகிற வேலை. முக்கியமாக, சாக்கடைக் குழாய் சம்ப்பை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் இரண்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. விவரம் தெரிந்த வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார். கழிவுநீர்க் குழாயைப் புது பிவிசியாக மாற்றிச் சற்றுத் தள்ளிப் போட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து நின்று பதில் சொல்லலாம்.

அடுத்தது மழைநீர். 2009-ல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 60க்கு 40 மனையில் இருக்கிற பழைய வீட்டுக்கும், 30க்கு 40-ல் கட்டும் புது வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். செய்யாவிட்டால் தண்ணீர் பில்லோடு அபராதமும் சேர்ந்து வரும். சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பெங்களூரில் சராசரியாக வருடத்துக்கு 970 மில்லிமீட்டர் பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடி இருந்தால் வருடத்தில் ஏறக்குறைய 97,000 லிட்டர் அதன்மேல் விழுகிறது. ஆவியாவது, சிந்துவது, கழித்துவிடுகிற முதல் மழை எல்லாம் போக மீதியைப் பிடித்தாலும் பத்துப் பன்னிரண்டு டேங்கர் லோடு தேறும். இதைக் காகிதத்தில் எழுதி வீடு பார்க்க வருகிறவர் கையில் கொடுங்கள். அடுத்த முறை அவர் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

மாடியிலிருந்து இறங்குகிற குழாயில் முதல் மழையைத் திருப்பிவிட ஒரு வால்வு, கூழாங்கல்லும் மணலும் கரியும் போட்ட ஒரு டிரம் ஃபில்டர், அதிலிருந்து சம்ப்புக்கு ஒரு குழாய். பெரிய வித்தை இல்லை. ஜெயநகரில் குடிநீர் வாரியம் விஸ்வேஸ்வரய்யா பெயரில் மழைநீருக்கென்றே ஒரு பூங்கா வைத்து மாதிரிகளைக் காட்டுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தாலே மேஸ்திரி உங்களை ஏமாற்ற முடியாது. இடம் இருந்தால் 3 அடி விட்டத்தில் 20 அடி ஆழத்துக்கு ஒரு ரீசார்ஜ் கிணறும் தோண்டலாம். இதற்கென்றே பரம்பரையாகக் கிணறு வெட்டுகிற மண்ணு வட்டர்கள் சர்ஜாபூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் கடப்பாறை போடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிமெண்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக்கொண்டே கீழே போவார்கள்.

காவேரி கனெக்‌ஷன் இருந்தால் அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். மண்டியா மாவட்டத்தின் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம் மேடேற்றிக் கொண்டுவருகிற தண்ணீர் அது. முதல் கட்டம் 1974-ல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டு, முன்பு மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி செய்திருக்கிறார்கள். உங்கள் தெருவில் குழாய் வந்தும் நீங்கள் இன்னும் இணைப்பு எடுக்கவில்லை என்றால், விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். “சீக்கிரம் வந்துரும் சார்” என்று சொல்வதற்கும் குழாயைத் திறந்து காட்டுவதற்கும் விலையில் பெரிய வித்தியாசம்.

இனி வேண்டாத தண்ணீர். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோட்டில் டிராக்டரிலும் படகிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன படங்கள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. தெருவில் தண்ணீர் நிற்கிற இடத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் கூரையிலிருந்து இறங்குகிற ஓதம் முழுக்க நம் கையில் இருக்கிறது. அதில்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

ராமமூர்த்தி நகரில் ஒரு வீடு. விற்பதற்காக உள்ளே முழுக்கப் பட்டி பார்த்து, வெள்ளையும் சந்தன நிறமுமாக அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மண்டியாவிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. இளையவர்கள் பால்கனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த பாட்டி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக மேல்மாடிப் படுக்கையறைக்குப் போனார். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். அதன் பின்னால் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு விரல் நகத்தால் பட்டியைச் சுரண்டினார். மாவு மாதிரி உதிர்ந்தது. “இல்லி தேவ இதெயல்லா” என்றார் மகனைப் பார்த்து. ‘இங்கே ஈரம் இருக்கிறதே’ என்று அர்த்தம். பெயிண்ட் வாசனை போகாத சுவர். பேசிவைத்திருந்த விலை அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. ஒரு அறையில் ஈரம் கண்டவர் எல்லா அறையிலும் ஈரத்தைத் தேடுவார். வீட்டுக்காரர் மாடிக்குச் செலவு செய்யாமல் மிச்சம்பிடித்த தொகை, குறைந்த விலையில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

மாடியைச் சோதிப்பது எளிது. மழைத்தண்ணீர் இறங்குகிற ஓட்டையைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒருநாள் விடுங்கள். கீழே போய் அண்ணாந்து பாருங்கள். சீலிங்கில் திட்டுத் திட்டாக நிறம் மாறினால் ஒழுகுகிற இடம் தெரிந்துவிடும். பிறகு அடைப்பை எடுத்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்கி நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் வாட்டம் சரியில்லை என்று பொருள். பாதி ஒழுகல் நடு மாடியில் இருக்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையில் இருக்கும், அல்லது தண்ணீர்த் தொட்டியின் காலடியில், இல்லாவிட்டால் டிஷ் ஆன்டெனாவுக்காக டிரில் போட்ட துளையில். மூலையைக் கொத்தி, சிமெண்டைச் சரிவாக வளைத்துப் பூசி, தேங்குகிற இடத்தை வாட்டம் பார்த்து எழுப்பி, அதற்கு மேல்தான் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்கவேண்டும். இதையெல்லாம் செய்யாமல் வெள்ளை பெயிண்டை மட்டும் இரண்டு கை அடித்துவிட்டு வாட்டர்ப்ரூஃப் என்று பில் கொடுக்கிறவர்கள் உண்டு. பழைய கன்டோன்மெண்ட் வீடுகளில் மர உத்தரத்தின் மேல் செங்கல் நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் இருக்கும். அதன்மேல் சிமெண்டை அப்புகிறவரைக் கிட்டே சேர்க்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

ஃபிளாட்டில் மாடிக்குப் பதில் குளியலறை. கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் உங்கள் குளியலறை ஒழுகுகிறது என்றால் அது உங்கள் வீட்டு விலைக்கு வந்த கேடு. வாங்குகிறவர் அசோசியேஷனில் விசாரிப்பார், கீழ்வீட்டுக்காரர் ஒன்று விடாமல் சொல்வார். டைல்ஸ் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை. பல இடங்களில் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி எபாக்சி அடைத்து, தரைச் சல்லடையைச் சுற்றிச் சரிசெய்தாலே நின்றுவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன், புது ஹெல்த் ஃபாசெட், கறை இல்லாத கண்ணாடி போதும். பூட்டியிருக்கிற வீட்டுக்கு ஒரு விஷயம்: தரைச் சல்லடைக்கு அடியில் இருக்கிற டிராப்பில் தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை நாற்றம் நேராக மேலே வரும். ஆள் பார்க்க வருவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். இதைவிட மலிவான வீட்டு மராமத்து உலகத்தில் கிடையாது.

சமையலறை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சண்டை வரும். விற்பதற்காக மாடுலர் கிச்சன் போடாதீர்கள். இந்த ஊரில் வீடு வாங்குகிற ஐடிக்காரர்கள் சாவி வாங்குவதற்கு முன்பே இன்டீரியர் கம்பெனியில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் நான்கு லட்சத்தில் போட்ட பச்சைக் கதவுகளை அவர்கள் ஓஎல்எக்ஸில் போடுவார்கள். கிரானைட் மேடையைப் பாலிஷ் போடுங்கள், தொங்குகிற கீல்களை மாற்றுங்கள், சிங்க்கும் குழாயும் புதிதாக இருக்கட்டும், பின்னால் யுடிலிட்டியில் வாஷிங் மெஷினுக்குத் தண்ணீரும் பிளக்கும் இருக்கட்டும். குழாய்களில் ஏரேட்டர் மாட்டுங்கள். ஒன்று நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் வரும். 2024 மார்ச்சில் அடுக்குமாடிகளிலும் வணிகக் கட்டடங்களிலும் வாரியம் அதைக் கட்டாயமாக்கியது.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஃப்யூஸ் கட்டை இருந்தால் எடுத்துவிட்டு எம்சிபி பெட்டியும், ஷாக் அடித்தால் உடனே அணைந்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போடுங்கள். எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா என்று சோதியுங்கள். பல வீட்டில் அது சுவரோடு முடிந்துவிடும். கார் நிறுத்துகிற இடத்தில் தனி லைனில் ஒரு 16 ஆம்பியர் பிளக் வையுங்கள். மின்சார ஸ்கூட்டர் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஓடுகிறது. “இங்கயே சார்ஜ் போடலாமா அங்கிள்?” என்று கேட்கிறவர்களுக்குச் சுவரைக் காட்டினால் போதும். சில ஆயிரம் ரூபாய் வேலை, வீடே புதுசாகத் தெரியும்.

மாடியில் சோலார் ஹீட்டர் இருந்தால் அது சூடாக வருகிறதா என்று பாருங்கள். போர் தண்ணீரின் உப்பு படிந்து குழாய் அடைத்திருக்கும். சுத்தம் செய்ய ஆள் கிடைப்பார்கள். மின்சாரத்துக்கான சோலார் தகடு வேறு கதை. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வருகிறது என்பது உண்மை. நீங்கள் பத்து வருடம் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அடுத்த வருடம் விற்கப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். 2023-லிருந்து கர்நாடகத்தில் கிருஹ ஜோதியில் 200 யூனிட் வரை இலவசம். கரண்ட் பில்லே வராத குடும்பத்துக்குச் சோலாரைக் காட்டி விலை ஏற்ற முடியாது.

தரையைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். காக்ஸ் டவுனில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்து வீடு. ஹால் முழுக்க லினோலியம் ஒட்டியிருந்தது. அதன்மேல் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். மூலையில் லினோலியத்தைக் கத்தியால் கிளப்பிப் பார்த்தேன். அடியில் ரெட் ஆக்சைடு. சிவப்புப் பொடியையும் சிமெண்டையும் கலந்து, ஈரம் காய்வதற்குள் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக் கண்ணாடி ஆக்குகிற தரை. இன்றைக்கு அதைப் போடத் தெரிந்த ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். பசையைச் சுரண்டி எடுத்து, நுண்ணிய உப்புத்தாளால் கை வலிக்கத் தேய்த்து, விரிசலை அதே நிறத்தில் அடைத்து, மெழுகு போட்டுத் துணியால் துடைத்தோம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து விழுந்தபோது வீட்டம்மாவே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். டைல்ஸுக்குப் போட்ட எஸ்டிமேட்டில் கால்வாசிகூட ஆகவில்லை. பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் இந்தத் தரைக்காகவே பழைய வீட்டைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். உடைப்பதற்கு முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. ஓதம் நின்று, சுவர் காய்ந்து, குழாய் வேலை முடிந்த பிறகுதான் பெயிண்டர் வரவேண்டும். உள்ளே வெளிர் நிறம், எல்லா அறைக்கும் ஒன்றே. வெளியே ஆரஞ்சும் ஊதாவும் வேண்டாம். பெயருக்கு ஒரு பளிச்சென்ற பார்டர் அடிக்கலாமா என்று கேட்பார்கள், அதுவும் வேண்டாம். கேட்டுக்கு எண்ணெய் போட்டுச் சத்தமில்லாமல் திறக்கவைத்து, வீட்டு எண் பலகையைப் புதிதாக மாட்டி, வாசல் விளக்கை எரியவிட்டாலே முகப்பு வேலை முக்கால் பங்கு முடிந்தது. வாசலில் புங்கை மரம் இருந்தால் வெட்டாதீர்கள். 1976-ம் வருட மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்பது ஒன்று. நிழல் விழுகிற வாசலுக்கு இந்த ஊரில் விலை அதிகம் என்பது இன்னொன்று.

வாஸ்துவுக்காகச் சுவரை இடிக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வேண்டாம். வாங்குகிறவர் தன் வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவார். உங்கள் வாஸ்துக்காரர் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டதாக நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது பேப்பர். இதை வீட்டு மராமத்து என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். 2024 அக்டோபரிலிருந்து கர்நாடகத்தில் மின்னணுச் சொத்துப் பதிவான இ-காத்தா இல்லாமல் வீட்டை விற்றுப் பத்திரம் பதிய முடியாது. பழைய காத்தா நகலைப் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு ‘எல்லாம் சரியா இருக்கு’ என்று சொல்கிற காலம் முடிந்தது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் வீடு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வரி ரசீதில் இறந்துபோன அப்பாவின் பெயர் என்று இருக்கிற வீடுகள் நம்மவர்களிடம்தான் அதிகம். ஐடிஐ, எச்ஏஎல்லில் வேலை பார்த்து அந்தக் காலத்தில் மனை வாங்கிப்போட்ட நம் பெரியவர்கள், இனிஷியலை ஒரு இடத்தில் முன்னாலும் ஒரு இடத்தில் பின்னாலும் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். திருத்துவதற்குப் பணம் அதிகம் ஆகாது, காலம் ஆகும். வாங்குகிற ஆள் கிடைத்த பிறகு ஆரம்பித்தால் அந்த ஆள் காத்திருக்க மாட்டார்.

அதே மூச்சில் இன்னொன்று. பிளானில் இல்லாத அறையை மாடியில் எழுப்பினால் வாடகை வரும், விலையும் ஏறும் என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டடம் முடிந்த சான்றிதழைப் பார்த்துத்தான் மின்சாரம், தண்ணீர் இணைப்பு தரவேண்டும் என்று சொன்ன பிறகு, ஓசி என்கிற அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று வாங்குகிறவரின் வக்கீலும் கடன் தருகிற பேங்க்கும் கேட்காமல் விடுவதில்லை. அனுமதியில்லாத அறை அவர்கள் கண்ணில் குறைதான்.

கடைசியாக வரி. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் வருகிற லாபத்துக்கு இப்போது 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டுகிற பழைய முறையையும் தேர்ந்தெடுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், வீட்டை மேம்படுத்த நீங்கள் செய்த மூலதனச் செலவை லாபத்திலிருந்து கழிக்க இடமுண்டு. புதிதாகக் கட்டிய அறை, மாற்றிப் போட்ட வயரிங், தோண்டிய போர் போன்றவை அதில் சேரும். பெயிண்ட், சில்லறை ரிப்பேர் பொதுவாகச் சேராது. ஆனால் எதைக் காட்டிக் கழிப்பது? எங்கள் தொழிலில் துண்டுச் சீட்டில் கணக்கெழுதிக் கையில் காசு வாங்குவதுதான் வழக்கம். ‘பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம்’ என்று மேஸ்திரி சொல்வார். நானும் அந்தத் தொழில்காரன்தான், இருந்தாலும் சொல்கிறேன்: பில் கேளுங்கள், பணத்தைப் பேங்க் வழியாகக் கொடுங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். வாட்டர்ப்ரூஃப் வாரண்டி, போர்வெல் பில், வயரிங் பில் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வீடு பார்க்க வருகிறவரிடம் நீட்டினால், அவர் பேரம் பேசுகிற குரலே மாறிவிடும்.

அடுத்த தீபாவளிக்குள் விற்க நினைக்கிறவர்கள் இ-காத்தாவை இந்த மாதமே பார்த்துவிடுங்கள், மாடி வேலையை ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். மே மாதம் மழை பிடித்துவிட்டால் அக்டோபர் வரை ஈரச் சுவரில் பூசுகிற எந்தப் பூச்சும் நிற்காது.